பெருவிரல் காட்டினால் சம்மதமா?

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். படுவான்கரை வயல்வெளியில் பெரும்போக நெல் வெட்டு முடிந்துவிட்டது, விளைச்சல் பரவாயில்லை.

பெருவிரல் இமோஜி வந்தால் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டது மாதிரி இருக்கிறது என்று உன் மகள் சொன்னதாக எழுதியிருந்தாய். இங்கே அம்மா எதற்கும் அதைத்தான் அனுப்புகிறா, அவவுக்கு அது "கண்டுட்டன் மனே" என்பது மட்டும்தான். ஈரான், ஈராக் பக்கம் அந்த விரலைக் காட்டினால் பழைய ஆட்களுக்கு அது வசவு.

உங்கள் கனடாவிலேயே இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2021இல் சஸ்காச்சுவானில் தானியம் வாங்கும் கம்பனியொன்று, 86 தொன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி உறுதிப்படுத்தச் சொன்னது, அவர் பெருவிரலைப் போட்டார். நவம்பரில் விதை வரவில்லை, அதற்குள் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஒப்பந்தம் கிடைத்தது என்று மட்டும்தான் சொன்னேன் என்றார் அந்த விவசாயி. 2023இல் நீதிபதி அந்த விரலைக் கையெழுத்தாகவே எடுத்து 82,000 டொலருக்கு மேல் கட்டச் சொன்னார், 2024இல் மேன்முறையீடும் தோற்றது. காரணம் என்ன தெரியுமா? முந்திய ஒப்பந்தங்களுக்கும் இதே ஆள் "ஓகே", "யப்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டு ஒழுங்காகத் தானியத்தைக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்குள் இருந்த பழக்கத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது, எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் நம் பக்கத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது மச்சான். நெல் யாவாரிமாரும் இப்போது வாட்ஸ்அப்பில்தான் விலை போடுகிறார்கள். ஒரே செய்தியில் மூடை விலை, ஈரத்துக்குக் கழிவு, லொறிக் கூலி எல்லாம் இருக்கும், கீழே ஒரு விரல் போட்டால் அது எதற்குச் சம்மதம்? பெரிய வயல்காரரான போடியார்மார் காலத்தில் வாய்ப்பேச்சுத்தான் என்றாலும் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், பிடிக்காவிட்டால் அது முகத்திலேயே தெரியும். தம்பியிடம் சொல்லிவிட்டேன், விலையையும் மூடைக் கணக்கையும் திருப்பி எழுதி, சம்மதம் என்று எழுத்தில் போடு என்று.

அதைவிட மனதுக்குக் கஷ்டமானது, ஊர்க் குழுவில் மரண அறிவித்தலுக்குக் கீழேயும் பெருவிரல் வருவது. செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும், 2022இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த அந்த இமோஜி வரிசையில் பெருவிரல்தான் முதலாவதாக நிற்கிறது, அவசரத்தில் கை அங்கேதான் போகிறது. கும்பிடும் கையும் கண்ணீர் முகமும் அதே வரிசையில்தானே இருக்கின்றன! செத்த வீட்டுக்காரர் பிறகு அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, உன் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் சம்மதம் சொல்ல என்ன போடுகிறார்கள்? கேட்டு எழுது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு நீ வருவாய் என்று அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா, டிக்கெட் போட்டதும் திகதியை அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்