மாவட்டக் கல்லூரி நூலகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆகஸ்ட் 12-இல் நூலகர் தினம் கொண்டாடினோம். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை ஆசிரியர் பெயர்ப் பதிவேடு, அதாவது நூலும் கட்டுரையும் எழுதியவர்களின் பல பெயர் வடிவங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பட்டியல். இது நூலகத்தின் வேலையா என்று இன்னும் சிலர் கேட்பதால் விரிவாகவே சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பெயரிலேயே எஸ் என்பது சீர்காழி, ஆர் என்பது அப்பா பெயர். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்கு இது புரியாது. எஸ். லட்சுமி என்று கையெழுத்திடும் பேராசிரியை ஆய்வேட்டில் லட்சுமி எஸ்., இதழில் லட்சுமி சண்முகம், கல்யாணத்துக்குப் பிறகு வேறு இனிஷியல். ஒருவர் நாலு பேராகிவிடுகிறார். பக்கத்துக் கல்லூரி எஸ். லட்சுமியின் கட்டுரைகளோ இவர் கணக்கில் ஏறிவிடுகின்றன. பதவி உயர்வுக் கோப்போடு அவர் கடைசியில் வந்து நிற்பது நம் மேசை முன்தான்.

2012-இல் வந்த ஆர்கிட் (ORCID) என்ற அமைப்பு ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகவே தருகிறது. ஆனால் அதை அவரவரே பதிய வேண்டும். எண் வாங்கியதோடு பக்கத்தை வெறுமையாக விட்டவர்களே அதிகம். மறைந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. சொ. விருத்தாசலம் என்று தேடுகிறவரைப் புதுமைப்பித்தனிடம் கொண்டுசேர்ப்பது நூலகப் பட்டியல்தான். எந்த லட்சுமி எந்தத் துறையில் எப்போது வேலை பார்த்தார் என்பதும் அந்தந்தக் கல்லூரி நூலகருக்குத்தான் தெரியும்.

ஆகவே தமிழ்ப் பெயர், ஆங்கில வடிவங்கள், இனிஷியலின் விரிவு, துறை, பணிக்காலம், ஆதாரம் என்று ஒரு படிவம் தயாரித்தேன். ஆதாரக் கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்பினேன். இதில் சிலருக்கு வருத்தம். ஊகத்தில் இரண்டு பேரை ஒன்றாக்கிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு என்பதால் அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கான பயிற்சிக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. சாப்பாடு மீந்தது. நினைவூட்டல் அனுப்பியும் சில கல்லூரிகளிலிருந்து ஒரு படிவம்கூட வரவில்லை. "முதல்வர் கேட்கவில்லையே" என்பது ஒரு பதிலா? வராதவர்களும் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள் என்பதை வேதனையோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பற்றாக்குறை இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. இடம் தந்த கல்லூரி நிர்வாகத்துக்கும், தட்டச்சு செய்து உதவிய மாணவர்களுக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் பெயர்களை எடுக்க வேண்டும். அவர்களிடம் நேரில் கேட்க முடிகிற காலம் இதுதான். சரி, இதை ஒருவரே சுமக்க முடியாது. கல்லூரிக்கு ஒருவர் பொறுப்பேற்றால் நான் தொடரத் தயார். படிவங்கள் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்