கட்டைவிரல் நிழல்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. இப்போது காலண்டர் தேதியைத் தூரத்திலிருந்தே படித்துச் சொல்கிறாள்.

வக்கீல் வைக்காமல் நீயே கேஸ் நடத்தப் போவதாகவும், மனுவை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யப் போவதாகவும் எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். பழைய கம்பெனி தராமல் வைத்திருந்த மூன்று மாதச் சம்பளத்துக்காக நானும் போன வருஷம் அதைத்தான் செய்தேன். ஆனால் நடுவில் ஒரு பாடு பட்டேன். அது உனக்கு வரக் கூடாது.

எதிர்த்தரப்பு சொன்னதற்கு நான் பதில் தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. இரவு பத்தே முக்காலுக்கு அப்லோடு செய்தேன். ‘உங்கள் ஆவணம் பெறப்பட்டது’ என்று உடனே மெயில் வந்தது. அப்பாடா என்று படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் இன்னொரு மெயில். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரமாணப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் தெளிவாக இல்லையாம். திறந்து பார்த்தேன். போனில் படம் எடுத்தபோது என் கட்டைவிரல் நிழல் கையெழுத்தின் மேலேயே விழுந்திருந்தது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. அப்புறம் தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு தனி மனு, அதற்கு இன்னொரு பிரமாணப் பத்திரம். நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் அதுவரை இரண்டு வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பெறப்பட்டது வேறு, ஏற்கப்பட்டது வேறு, வசந்தி. முதல் மெயிலை அனுப்புவது கம்ப்யூட்டர். கோர்ட்டுப் பதிவுப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகுதான் இரண்டாவது வரும். வக்கீல் ஆபீசில் இதைக் கவனிக்கவே குமாஸ்தா இருப்பார். நமக்கு யார் இருக்கிறார்கள்? குறையைச் சரிசெய்து கொடுத்தால் முதலில் அனுப்பிய தேதியையே கணக்கில் எடுக்கும் கோர்ட்டும் உண்டு, எடுக்காத கோர்ட்டும் உண்டு. உன் கோர்ட்டின் விதியில் வேறு எதையும் படிக்கும் முன்னால் இதைத் தேடிப் படி. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடு.

ஒன்று என் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த ஆன்லைன் தாக்கல் ஏற்பாட்டைப் பல இடங்களில் வக்கீல்களை மனதில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் 2018 டிசம்பரில் வந்த விதித் திருத்தத்தைப் பார். சிவில் வழக்குகளில் வக்கீல்கள் பொதுவாக மின்னணு முறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் இல்லாதவர் அப்படிச் செய்ய, கோர்ட்டின் உத்தரவோ அந்தக் கோர்ட்டின் உள்விதியோ இடம் தர வேண்டும். இல்லாவிட்டால் காகிதம்தான். லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கிறவருக்குத்தானே இந்த வசதி முதலில் போய்ச் சேர வேண்டும்? இந்தியாவின் இ-ஃபைலிங் தளத்தில் வழக்காடுபவர் தானே பதிவு செய்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போய், 2016-ல் ஆன்லைன் தீர்ப்பாயம் ஒன்றையே தொடங்கியது. அங்கே பெரும்பாலும் மக்களே தங்கள் வழக்கை நடத்துகிறார்கள். உன் பிரச்சினை என்ன என்று எளிய மொழியில் அதுவே கேள்வி கேட்டுக் கூட்டிப்போகிறது. எல்லாக் கோர்ட்டும் இப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, உன் ஃபைலுக்கு வருகிறேன். மனுவைக் கம்ப்யூட்டரில் அடித்து நேராக பிடிஎஃப் ஆக்கு. அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் எழுத்தைத் தேட முடியாது, ஃபைலும் கனத்துவிடும். சான்றுகளுக்கு ‘ஸ்கேன் 0012’ என்று பெயர் விடாதே. ‘சான்று 3, சம்பளச் சீட்டு’ என்று வை.

பேங்க் கணக்கு எண், பிள்ளைகளின் பெயர் எல்லாம் வருகிற இடங்களில் கவனமாக இரு. கோர்ட்டு ஆவணத்தை வெளியாட்களும் பார்க்க வாய்ப்பு உண்டு. எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று விதியில் பார்த்துக்கொள். மறைக்க வேண்டியதன் மேல் கறுப்புக் கட்டம் மட்டும் வைத்தால் போதாது. அடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் தெரிந்துவிடும். நான் என் கணக்கு எண்ணை அப்படி மறைத்துவிட்டு, ஒட்டிப் பார்த்தபோதுதான் பதறினேன்.

இன்னொன்று. நீ அப்லோடு செய்ததாலேயே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் நோட்டீசைச் சேர்ப்பிக்க அநேகமாகத் தனி முறை இருக்கும். கோர்ட்டில் கேட்டுத் தெரிந்துகொள்.

அனுப்பும் முன் முழு பிடிஎஃப்பையும் எனக்கு ஒருமுறை அனுப்பு. கையெழுத்துப் பக்கத்தை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
மீனா