தாய்மாமன் மடியும் மொய் நோட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். உன் அக்கா மகளுக்கு ஆவணியில் காது குத்துவதாக முடிவாகியிருப்பதைச் சொன்னபோது, தாய்மாமன் சீருக்கு ஆகும் இரண்டு இலட்சத்தை ஒரே நாளில் கரைப்பதைக் காட்டிலும், அந்தக் குழந்தையின் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் அவள் படிப்புக்காவது உதவுமே என்று கேட்டாய். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

விசேஷத்துக்குச் செலவழிப்பது வீண் என்ற எண்ணம் நம் வீட்டுக்குப் புதியதன்று. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே, உன் தாத்தா ஐயரும் மேளமும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பியவர். அப்படிப்பட்டவர், பேராவூரணிச் சுற்றுவட்டாரத்தில் அழைப்பு வந்த எந்த வீட்டிலிருந்தும் மொய் எழுதாமல் திரும்பியதில்லை. சிறுவனாக இருந்தபோது இதை நான் முரண்பாடு என்று நினைத்தேன்.

2014 ஆடியில் நாம் மொய் விருந்து வைத்ததும், நீ பந்தியில் தண்ணீர் ஊற்றியதும் உனக்கு நினைவிருக்கும். அன்று அண்டாவில் விழுந்தது 6,40,000 ரூபாய். அதில் ஏறத்தாழ நான்கு இலட்சம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் நானும் தாத்தாவும் பிறருக்கு எழுதியது திரும்பி வந்தது. மீதி புது நடை, அதாவது நான் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். உன் கல்லூரியின் முதலாண்டுக் கட்டணமும் தோப்பின் ஆழ்துளைக் கிணறும் அந்தப் பணத்தில் வந்தவைதாம். மொய் என்பது வெறும் கடன்தானே என்று நீ சொன்னாய். கடன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஈடு கேட்காமல், கையெழுத்து வாங்காமல், பேரையும் ஊரையும் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு எனக்கு யார் ஆறு இலட்சம் தந்திருப்பார்கள்? ஆட்டுக்கறி விருந்துக்கு அன்று 90,000 ரூபாய் செலவானது. அதைத்தான் வட்டி என்று வைத்துக்கொள். அந்த வட்டியை ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது.

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாங்கியதைத் திருப்பிச் செய்ய இயலாதவர், அழைப்பிதழைக் கண்டாலே முகம் சுருங்குகிறார். கஜா புயல் 2018 நவம்பரில் நம் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு நானே அப்படித்தான் இருந்தேன். இரண்டு ஆண்டுகள் பல வீடுகளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்ய முடியவில்லை. ஆனாலும் ஒருவரும் வந்து வாசலில் நின்று கேட்கவில்லை. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த வந்தவர்களில் பாதிப் பேர் அந்த நோட்டில் இருந்தவர்கள். அஞ்சலகக் கணக்குப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்கு வராது.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அத்தை மகள் சடங்குக்கு நான் தாய்மாமனாகச் சீர் கொண்டுபோனபோது, எனக்கு முன்னால் உன் பெரியப்பா ஐம்பத்தொரு தட்டு எடுத்துவிட்டார் என்பதற்காக நூற்றொன்று எடுத்தேன். மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் அது. உன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய், மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின. செண்டை மேளமும், வாசலை அடைத்து நின்ற பிளெக்ஸ் பலகையும் இன்று ஒருவருக்கும் நினைவில்லை. இரண்டாம் பந்தியில் சோறு பற்றாமல் போனதை மட்டும் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். அண்ணனும் நானும் ஓராண்டு சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீ வீண் செலவு என்று சொல்வது இதைத்தான் என்றால், உன்னைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே இரண்டு இலட்சம் வேண்டாம். மண்டபம் வேண்டாம், குலதெய்வக் கோயில் திடலிலேயே பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்று உன் அக்காளிடம் பேசிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் டிரோன் படப்பிடிப்பு வேண்டும் என்கிறார்கள். அது அவர்கள் செலவு. நீ செய்ய வேண்டியது அரைப் பவுனில் ஒரு தோடு, குழந்தைக்கும் அக்காளுக்கும் மாப்பிள்ளைக்கும் துணி, ஏழு தட்டில் பழமும் பூவும், ஆசாரிக்கு வெற்றிலை பாக்குடன் அவருக்குரிய கூலி. ஏழு தட்டா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். சாப்பாட்டில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். அறுநூறு பேருக்கு நானே சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன், அந்தச் செலவு என்னுடையது. மிச்சப்படும் பணத்தை அக்காளிடம் கொடு. பெற்றவள் என்ற முறையில் அவள் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கட்டும். ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் வரை போடலாம் என்பதால், அடுத்த ஆண்டும் உனக்கு அந்த எண்ணம் மாறாமல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் பணத்தை அனுப்பிவிட்டு நீ வராமல் இருப்பது என்ற பேச்சு கூடாது. மொட்டையடிக்கும்போதும் காது குத்தும்போதும் அந்தப் பிள்ளை உட்கார வேண்டியது உன் மடியில். அவள் வீறிட்டு அழுவாள். உன் சட்டையைப் பிடித்து இழுப்பாள். உனக்குக் குத்தியபோது உன் மாமாவின் தோளை நீ கடித்த வடு இன்னும் இருப்பதாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புனேயிலிருந்து புறப்படும்போது ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் மூன்று நாளாகக் கேள். முதல் நாள் இரவே காய் நறுக்க ஆட்கள் கூடிவிடுவார்கள். நம் வீட்டு மொய் நோட்டை நான் இம்முறை எழுதப் போவதில்லை, கண் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யார் எந்த ஊர் என்று சொல்கிறேன், நீ எழுது.

அன்புடன்,
அப்பா