ஓர் ஓவிய ஆசிரியர் வேண்டி

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மும்பை தாராவியில், தங்கள் பொறுப்பில் இருக்கும் தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் தாய் எழுதுகிறேன். ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது; அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. தாங்கள் அறிந்ததுதான். பெற்றோர் மூன்று முறை மனு கொடுத்தோம். முத்திரை குத்திய நகல்கள் மூன்றும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. பதில்தான் வரவில்லை.

சென்ற மாதம், மாநிலக் கலை இயக்ககம் நடத்தும் எலிமெண்டரி ஓவியத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க என் மகள் அலுவலக அறைக்குப் போனாள். "சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எப்படியம்மா பெயர் அனுப்புவது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த படியான இன்டர்மீடியட்டில் தேறினால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் உண்டு. பக்கத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதை வாங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் படியே இல்லை.

அவள் விடவில்லை. இரவு நான் தையல் மெஷினை மூடிய பிறகு, அதன் பலகையில் ஒரு டம்ளரையும் இரண்டு வெங்காயத்தையும் வைத்து வரைகிறாள். பொருளைப் பார்த்து வரைவது அந்தத் தேர்வில் ஒரு தாளாம். வீட்டில் இருப்பது ஒரே விளக்கு, நேர் மேலே. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றே தெரியாது. ஒருநாள் கேட்டாள்: "அம்மா, டம்ளரின் வாய் வட்டம்தானே? வட்டமாகவே வரைந்தால் ஏன் தப்பாகத் தெரிகிறது?" நான் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டத் தெரிந்தவள். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். ஓவிய ஆசிரியர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த மூன்று வகுப்புகளில் இருநூறுக்குக் குறையாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே சுவரே கூடாது என்கிறது. எங்கள் பள்ளியில் சுவர் இல்லைதான்; பூட்டு இருக்கிறது. ஓவிய அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் குடியிருக்கின்றன.

ஆனால் தாங்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குக் கலை வந்துவிட வேண்டும். வாசலில் கோலம் வேண்டும், வரவேற்பு நடனம் வேண்டும், கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியில் மயில் வேண்டும். போன முறை அந்த மயிலை வரைந்தவள் என் மகள். தாங்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். இரண்டு தெரு தள்ளி, குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் நாள் முழுதும் சக்கரம் சுற்றுகிறது. அந்த மண்ணில் ஒரு பிடியைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இசை வகுப்பு என்ன ஆனது, ஆர்மோனியம் எங்கே போனது... ஆரம்பித்தால் நிற்காது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஓர் ஓவிய ஆசிரியர். நிரந்தரப் பணியிடத்துக்குக் கோப்பு நகர நாளாகும் என்றால், வாரம் இரண்டு நாள் வரும் பகுதிநேர ஆசிரியராவது போதும். அடுத்த வருடத் தேர்வுக்குப் பெயர் வாங்கத் தொடங்கும் முன் அவர் வந்துவிட வேண்டும். பெஞ்சுகளை வெளியே எடுத்துப்போட்டு அறையைக் கழுவித்தரப் பெற்றோர் நாங்கள் வருகிறோம். தயவுசெய்து சாவியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
தாராவி, மும்பை.