மொய் நோட்டில் ஏறாத கணக்கு

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கல்யாணம் முடிந்த கையோடு பதில் எழுத உட்கார்ந்தேன், பந்தல்காரர், சமையல்காரர், பாத்திர வாடகை என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்ததில் தள்ளிப்போய்விட்டது. எல்லாம் நல்லபடியாக நடந்தது. முட்டி ஆபரேஷனை வைத்துக்கொண்டு நீ வரமுடியாது என்று தெரியும், ஆனாலும் நம் காலேஜ் ஆட்கள் பந்தியில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து உன் தலையைத்தான் உருட்டினார்கள். இங்கே மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

சரி, உன் மகள் கவிதா விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஏ. மானிடவியல் சேரப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், ஆதிவாசிகளைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது, நீயே அதைப் படித்துவிட்டு பேங்கில்தானே போய் உட்கார்ந்தாய் என்று கேட்டிருக்கிறாய். என் கதை வேறு. அப்பா தவறிய வருஷம், கிடைத்த வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் படித்தது வீணாகப் போனதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது கூட. அவளைத் தடுப்பதற்கு முன்னால் அது என்ன படிப்பு என்றாவது தெரிந்துகொள்.

மானிடவியல் என்றால் ஆதிவாசிகளைப் பற்றிய படிப்பு என்பது பழைய நினைப்பு. இன்றைக்கு அமெரிக்கப் பங்குச் சந்தைக்காரர்கள் நடுவிலும், அணுகுண்டு வடிவமைக்கும் விஞ்ஞானிகள் நடுவிலும் நீண்ட நாள் பழகி எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உன் நினைப்பு சும்மா வந்ததில்லை, இந்தத் துறையின் ஆரம்பம் அவ்வளவு யோக்கியமானதல்ல. நாம் எக்ஸ்கர்ஷன் போன எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு காலத்தில் எட்கர் தர்ஸ்டன் என்பவர் தலைவராக இருந்தார். தென்னிந்திய சாதிகளையும் குலங்களையும் பற்றி ரங்காச்சாரியின் உதவியோடு 1909-ல் ஏழு தொகுதி கொண்டுவந்தவர். அந்த மனுஷன் கையில் அளவுகருவியை வைத்துக்கொண்டு ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார், மூக்கின் நீள அகலத்தில் சாதியின் மேல் கீழ் தெரிந்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. ஏறக்குறைய அதே சமயத்தில் நியூயார்க்கில் மானிடவியல் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் போவாஸும் மண்டையைத்தான் அளந்தார். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று சுமார் 18,000 பேர். அவருக்குக் கிடைத்த விடை தலைகீழ்: அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் மண்டை வடிவம் பெற்றோரிடமிருந்து விலகிப் போயிருந்தது. ஒரு தலைமுறையில் மாறுகிற ஒன்றை வைத்து மனிதனை எப்படித் தரம் பிரிப்பாய்? எலும்பில் தேடாதே, வளர்ந்த விதத்தில் தேடு என்று இந்தப் படிப்பு திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னும் மூக்கை வைத்து ஆளைச் சொல்கிற பெரியவர்கள் உன் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

சரி, வளர்ந்த விதத்தை எப்படிப் பார்ப்பது? போய் இருந்துதான் பார்க்க வேண்டும். அதை ஒரு முறையாகவே ஆக்கியவர் மாலினோவ்ஸ்கி. போலந்துக்காரர், ஆனால் ஆஸ்திரியப் பிரஜை. 1914-ல் அவர் ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது போர் வெடித்துவிட்டது, பிரிட்டிஷ்காரர்களுக்கு அவர் எதிரி நாட்டு ஆள். அப்படியிருந்தும் நியூகினிப் பக்கம் போய் ஆராய்ச்சி செய்ய விட்டார்கள். 1915-க்கும் 1918-க்கும் இடையில் இரண்டு தடவையாக ட்ரோப்ரியாண்ட் தீவுகளில், ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டு இருந்தார். அதற்கு முன்னால் பெரும்பாலும் துரைமார் வராந்தாவில் நாற்காலி போட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரை வரவழைத்து, மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக் கேட்டு எழுதிக்கொள்வதுதான். இவர் அந்த ஜனங்களின் பாஷையைக் கற்றுக்கொண்டு, தினசரிச் சண்டை சச்சரவு, சமையல், ஊர்வம்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போனார். பெரிய மகான் என்று நினைத்துவிடாதே. அவர் செத்த பிறகு 1967-ல் டைரி வெளிவந்தது, அந்த ஜனங்கள் மேல் எரிச்சலும் வசவுமாகக் கிடந்தது, துறையே கொஞ்ச நாள் ஆடிப்போனது. எனக்கென்னவோ அந்த எரிச்சலோடும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

அவர் பார்த்ததில் பெரிசு, குலா என்கிற பரிசுப் பரிமாற்றச் சுற்று. பரந்த கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள். சிவப்புச் சிப்பியில் கோத்த மாலைகள் ஒரு திசையில், கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் தீவு தீவாகப் போகும். வெள்ளைச் சங்கில் செய்த கைவளைகள் எதிர்த்திசையில் வரும். உயிரைப் பணயம் வைத்துப் படகில் கடல் தாண்டிப் போய் வாங்கி வந்த மாலையை யாரும் வீட்டோடு வைத்துக்கொள்ள முடியாது, கொஞ்ச காலத்தில் அடுத்த தீவில் இருக்கும் கூட்டாளிக்குக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் போட்டுக்கொள்வதுகூட இல்லை. பேர்போன மாலைக்குத் தனிப் பெயர் உண்டு, யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு உண்டு, உன் கைக்கு அது வந்தது என்றால் உன் பெயரும் அதில் சேரும், அவ்வளவுதான். கூடவே தேங்காய், பானை, மரச்சாமான் வியாபாரமும் நடக்கும், அதில் பேரம் பேசலாம். குலாவில் பேரம் கூடாது. ஒருவனைக் கேவலமாகப் பேச வேண்டுமென்றால், அவன் குலாவை வியாபாரம் மாதிரி செய்கிறான் என்பார்கள்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கீரமங்கலமும் பேராவூரணியும்தான் ஞாபகம் வந்தது. நீ கோயம்புத்தூர்க்காரனாகவே ஆகிவிட்டாய், இந்தப் பக்கத்து மொய் விருந்து மறந்திருக்கும். ஆடி பிறந்தால் பிளெக்ஸ் பேனர், கறிச் சாப்பாடு, செலவைக் குறைக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல். யார் வீட்டுக்கு எவ்வளவு செய்திருக்கிறோமோ அது திரும்பி வரும், மேலே கொஞ்சம் புதிதாகவும் வரும், அந்தப் புதிய தொகையை அவர் விருந்து வைக்கும்போது நாம் திருப்ப வேண்டும். மறுநாள் காலையில் மஞ்சள் பையோடு எங்கள் பிராஞ்சு வாசலில் நிற்பார்கள். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள், பையனை சிங்கப்பூர் அனுப்பியவர்கள் எத்தனை பேர். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டி கிடையாது, ஆனால் திருப்பாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. எங்கள் மேலதிகாரி ஒருவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், ஆட்டுக்கறிக்கு இவ்வளவு செலவழிக்கும் முட்டாள்தனம் என்று தலையில் அடித்துக்கொள்வார். நாம் கொடுக்கும் கடனை விட அது ஒழுங்காக வசூலாகிறது சார் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

அவராவது தலையில் அடித்துக்கொண்டதோடு விட்டார். கனடாவின் மேற்குக் கரையில் பழங்குடிகள் போட்லாட்ச் என்று விருந்து வைத்து, கம்பளியும் பாத்திரமுமாக வாரிக் கொடுப்பார்கள், கொடுக்கக் கொடுக்கத்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெயர். இது ஊதாரித்தனம், இவர்களை முன்னேற விடாது என்று முடிவு செய்து 1885-லிருந்து அரசாங்கம் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. 1951 வரை தடை. 1921-ல் ஒரு பெரிய விருந்து நடத்தியவர்களைப் பிடித்துச் சிலரை ஜெயிலில் போட்டு, முகமூடிகளைப் பறித்து மியூசியங்களுக்கு அனுப்பினார்கள். பிரான்சில் மார்செல் மோஸ் என்ற அறிஞர் இந்த போட்லாட்சையும் குலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1925-ல் ஒரு கட்டுரை எழுதினார். கொடுப்பது கடமை, வாங்கிக்கொள்வது கடமை, திருப்பிக் கொடுப்பதும் கடமை, சும்மா கொடுத்தது என்று உலகத்தில் எதுவும் இல்லை என்கிற மாதிரி. மகாபாரதத்து தானப் பகுதியைக்கூட எடுத்துப் பேசியிருக்கிறார். கவிதா இதை முதல் செமஸ்டரிலேயே படிப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். மாலினோவ்ஸ்கி அங்கே வள்ளிக்கிழங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அங்கே தாய்வழி வம்சம். அண்ணன் தம்பிமார் பாடுபட்டு விளைவித்த கிழங்கில் பெரும்பங்கை வருஷா வருஷம் கட்டிக்கொடுத்த சகோதரி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்க வேண்டும், மச்சான் வீட்டு வாசலில் அதற்கென்றே கிழங்குக் களஞ்சியம் நிற்கும், ஊரே பார்க்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1971-ல், ஆனெட் வைனர் என்ற அமெரிக்கப் பெண் அதே தீவுக்குப் போனார். ஊருக்குள் நுழைந்த முதல் நாளே பெண்கள் ஒரு சாவுச் சடங்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். வாழை இலையைச் சுரண்டிக் காயவைத்துக் கீற்றாக்கிக் கட்டிய சின்னச் சின்னக் கட்டுகள், ஆயிரக்கணக்கில். சாயம் போட்ட நார்ப்பாவாடைகள் நூற்றுக்கணக்கில். செத்தவருடைய தாய்வழிப் பெண்கள் அதை எடுத்து எடுத்து வைக்க, அவர் உயிரோடு இருந்தபோது யார் யார் செய்தார்களோ அவர்களெல்லாம் வந்து எடுத்துப் போகிறார்கள். அந்தக் கட்டை வைத்துச் சமைக்க முடியாது, உடுத்த முடியாது, ஆனால் அங்கே அது சொத்து, பெண்களின் கையில் இருக்கும் சொத்து. தன் வம்சத்தில் சாவு விழுந்தால் ஒருத்திக்கு மலை மாதிரிக் கட்டுகள் வேண்டும், இல்லாவிட்டால் அவமானம். அதை வாங்கிச் சேர்க்கப் புருஷன்தான் தன் பன்றியையும் காசையும் செலவழிக்க வேண்டும். ஏன் என்றால் மச்சான்மார் கொடுத்த கிழங்கைச் சாப்பிட்டவன் அவன்! கிழங்கு எதற்குப் போகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வாழை இலைக் கட்டில் இருக்கிறது. மாலினோவ்ஸ்கி அந்த ஊரிலேயே கிடந்தவர், கண்ணில் படாமல் போயிருக்க முடியாது. பெண்கள் சமாச்சாரம் என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைனர் 1976-ல் புத்தகமாகப் போட்டார்.

இப்போது நம் வீட்டுக் கல்யாணத்தைப் பார். வாசலில் மேஜை போட்டு இரண்டு பையன்கள் மொய் நோட்டு எழுதினார்கள்: ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. நோட்டைப் புரட்டினால் கிட்டத்தட்ட எல்லாம் ஆண் பெயர். இரண்டு நாள் கழித்து ராத்திரி என் மனைவி வள்ளி பீரோ முன்னால் உட்கார்ந்து வந்த புடவைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இது ஆலங்குடிச் சித்தி எடுத்தது, அவள் மகள் சடங்குக்கு நாம் பட்டு எடுத்தோம், இப்போது சில்க் காட்டன்தான் எடுத்திருக்கிறாள், பரவாயில்லை, இந்த வருஷம் அவளுக்குக் கை இழுப்பு. இது நாத்தனார் வைத்த தட்டு, ஒன்பது தட்டு வைத்தாள், நாம் அவளுக்கு ஏழுதான் வைத்தோம், வளைகாப்பில் சரிக்கட்ட வேண்டும். எதிர்வீட்டு அக்கா நாலு நாள் வந்து முறுக்கு சுட்டாள், அவள் பேத்தி காது குத்துக்கு நான் முதல் நாளே போய் நிற்க வேண்டும். ஒரு வரி எழுதி வைத்திருக்கவில்லை. அத்தனையும் தலையில். பேங்க் ஆடிட்டில்கூட நான் இப்படி ஒரு லெட்ஜரைப் பார்த்ததில்லை. நாளைக்கு ஒருவர் ஆராய்ச்சிக்கு வந்து மொய் நோட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் என்ன எழுதுவார்? அதனால்தான் கவிதா மாதிரிப் பெண்கள் இதற்குள் போக வேண்டும் என்கிறேன். கேட்கிற ஆள் மாறினால் பதிலும் மாறுகிறது.

நீ குத்தலாக ஒன்று எழுதியிருந்தாய்: எல்லாக் கலாச்சாரமும் அதனதன் அளவில் சரி என்றால் ஆணவக் கொலையும் சரியா என்று. இல்லை. ஒரு வழக்கம் ஏன் நடக்கிறது, யாருக்கு அதில் லாபம், யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள், தீர்ப்பைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல் என்பதுதான் பாடம். தீர்ப்பே சொல்லாதே என்று அர்த்தமில்லை. துறைக்குள்ளேயே இதில் குழப்பம் இருந்தது. 1947-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தயாரானபோது, உலகத்துக்கெல்லாம் ஒரே அளவுகோலா என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. 1999-ல் அதே சங்கம் மனித உரிமைக்கு ஆதரவாகத் தனிப் பிரகடனம் போட்டது. கலாச்சாரம் என்று யாராவது சொன்னால், வீட்டுக்குள் யார் சொல்கிற கலாச்சாரம் என்று நான் கேட்பேன். பெட்டைப் பிள்ளை சொல்வதும் பெரியப்பா சொல்வதும் ஒன்றாகவா இருக்கிறது?

கிரிக்கெட் பைத்தியமான உனக்கு ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. அந்த ட்ரோப்ரியாண்டுக்குப் பாதிரியார்கள் கிரிக்கெட்டைக் கொண்டுபோனார்கள், சண்டையை விட்டு ஒழுங்காக விளையாடட்டும் என்று. அவர்கள் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் பதினொரு பேர் என்ற கணக்கில்லை, வந்தவர்கள் எல்லாம் ஆடலாம், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சரி. போருக்குப் போகிற மாதிரி உடம்பில் வண்ணம், பந்துக்கும் மட்டைக்கும் மந்திரம், விக்கெட் விழுந்தால் கூட்டமாக ஆட்டம். விருந்து வைக்கிற ஊர்தான் ஜெயிக்கும். 1970-களில் எடுத்த படமே இருக்கிறது, கவிதாவிடம் சொன்னால் தேடித் தருவாள்.

படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டாயே. மத்திய அரசின் மானிடவியல் ஆய்வு நிறுவனம் 1945-லிருந்து இருக்கிறது, 1985-ல் அது தொடங்கிய கணக்கெடுப்பில்தான் இந்தியாவில் 4,600-க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பதிவு செய்தார்கள். மியூசியம், பழங்குடி நலத்துறை, பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி. இப்போது சில கம்பெனிகள்கூட வாடிக்கையாளர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்க்க இவர்களை எடுக்கின்றன. கொட்டிக் கொடுக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு நிறையப் பேர் இதை விருப்பப் பாடமாக எடுப்பதும் உனக்குத் தெரிந்திருக்கும், உன் மாமனாரைச் சமாளிக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

வைனர் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அட்மிஷன் முடிந்ததும் அவளுடைய ஹாஸ்டல் விலாசத்தை எனக்கு அனுப்பு. நேரே அவளுக்கே தபாலில் போட்டுவிடுகிறேன், உன் கையில் கொடுத்தால் போய்ச் சேராது.

அன்புடன்,
ராமநாதன்