ஜோஷிமடத்தில் இரண்டு இரவு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்து, பத்ரிநாதனைச் சேவிக்க வேண்டும் என்று அவரே வாய்விட்டுக் கேட்டிருப்பது எவ்வளவு நல்ல சேதி!

ஆடியில் போகலாமா என்கிறாய். வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் பத்ரி மலைச்சாலை சரிந்துகொண்டே இருக்கும். வழியிலுள்ள பாண்டுகேஷ்வர் ஊருக்கு மேலே லாம்பகட் பக்கம் மட்டுமே எத்தனையோ தடவை அடைபட்டிருக்கிறது. புரட்டாசிப் பிற்பகுதியில் போ. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைவு. ராத்திரிக் குளிர் மட்டும் கடுமை. நவம்பரில் நடை சாத்திவிடுவார்கள்.

உன் பயணத் திட்டத்தில் ஒன்றை மாற்றியே ஆகவேண்டும். பத்ரிக்கு முந்தைய மலையூரான ஜோஷிமடத்துக்கு ராத்திரி போய்ச் சேர்ந்து விடியற்காலையில் கிளம்புவதாகப் போட்டிருக்கிறாய். அங்கே இரண்டு இரவு தங்கு. ரிஷிகேஷ் 400 மீட்டருக்கும் கீழே, ஜோஷிமடம் ஏறத்தாழ 1,900, பத்ரி 3,100. எழுபதைத் தாண்டிய உடம்பை ஒன்றரை நாளில் அவ்வளவு மேலே ஏற்றினால் தலைவலியும் குமட்டலும் வரும். பத்ரி வரை போயும் அம்மா அறையில் படுத்திருக்க நேரும். இடையில் ஒரு முழுநாள் கிடைத்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ரத்த அழுத்த மாத்திரை பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமடம் சுமார் 250 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதையில் பத்து மணி நேரம் பிடிக்கும். ருத்ரபிரயாகையில் ஓர் இரவு தங்கிப் போ. இருட்டியபின் மலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதையும் மனதில் வை. ஜோஷிமடத்திலிருந்து பத்ரி 45 கிலோமீட்டர். சாலை முதலில் கீழே இறங்கி, தவுளிகங்கை அலக்நந்தாவில் கலக்கும் விஷ்ணுபிரயாகையைத் தொட்டுவிட்டுத்தான் ஏறும். காலையிலேயே புறப்பட்டுவிடு.

அந்த முழுநாள் வீணாகாது. நம் பெரியவர்கள் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இந்த ஊர்தான் என்று சொல்வார்கள். நரசிம்மர் கோயில் கீழ்ச் சந்தைப் பக்கம் இருக்கிறது. மூர்த்தி சிறியது, அம்மாவை முன்னால் நிறுத்திக் காட்டு. நரசிம்மருடைய இடது மணிக்கட்டு மெலிந்துகொண்டே வருகிறது, அது உடையும் நாளில் மலைகள் சேர்ந்து பத்ரிக்கு வழி அடைபடும், பிறகு தபோவனம் தாண்டியுள்ள பவிஷ்ய பத்ரியில்தான் பூஜை என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. பத்ரி நடை சாத்தியதும் ஆதிசங்கரரின் ஆசனம் இந்தக் கோயிலுக்குத்தான் வருகிறது. பத்ரியிலிருந்து வரும் உத்தவர், குபேரர் மூர்த்திகள் பாண்டுகேஷ்வரில் தங்கிவிடுவார்கள்.

ஆதிசங்கரர் நிறுவிய நான்கு மடங்களில் ஒன்றான ஜோதிர்மடம் மேலே இருக்கிறது. படி உண்டு, அம்மாவுக்குக் கைத்தடி எடுத்துக்கொள். சங்கரர் மரத்தடியில் அமர்ந்து தவம் செய்ததாகச் சொல்லும் முசுக்கொட்டை மரம் அங்கே நிற்கிறது, கல்பவிருட்சம் என்பார்கள். வடக்கு மடம், தோடகாசாரியார் முதல் பீடாதிபதி, அதர்வ வேதம், 'அயமாத்மா பிரம்ம' மகாவாக்கியம் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. நீ அறிந்திராதது இதுவாக இருக்கலாம்: 1776 முதல் 1941 வரை 165 ஆண்டுகள் பீடம் காலியாகவே கிடந்தது. பத்ரி பூஜை ராவல் எனப்படும் கேரள நம்பூதிரி தலைமை அர்ச்சகர் கைக்கு முழுதாக வந்ததும் அந்தச் சமயத்தில்தான். 1941-இல் பிரம்மானந்த சரஸ்வதி பீடம் ஏறிய பிறகே மடம் மறுபடி உயிர்பெற்றது.

தங்கும் இடம் பற்றிக் கவனமாக இரு. அந்த ஊர் பாறைமேல் நிற்கவில்லை. பழைய மலைச்சரிவில் வந்து குவிந்த மண்ணும் உருண்டைக் கல்லும்தான் அதற்கு அடித்தளம். 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு, கனமான கட்டடம் கூடாது, சரிவிலுள்ள பெரும்பாறைகளைத் தோண்டவோ வெடிவைக்கவோ கூடாது, மழைநீர் போக வடிகால் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. யாரும் கேட்கவில்லை. கழிவுநீர் உறிஞ்சுகுழி வழியே மண்ணுக்குள் இறங்குகிறது, ஆறு அடிவாரத்தை அரிக்கிறது. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல் விட்டது. வெளியேறிய குடும்பங்களை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அதனால் உயரமான புது விடுதி வேண்டாம். சுவரில் விரிசல் இல்லாத, தாழ்வான கட்டடமாகப் பார். குளிக்க ஒரு வாளி போதும். அங்கே தண்ணீரை வீணாக்குவது அந்த மண்ணுக்கே கேடு.

மேலே உள்ள ஆவுலி என்ற மலைப் புல்வெளிக்குப் போகும் ரோப்வே 2023 ஜனவரியில் நின்றது, அதை நம்பித் திட்டம் போடாதே. போக விரும்பினால் சாலைவழி இருக்கிறது. யாத்திரைப் பதிவை ஆன்லைனில் முடித்து, சீட்டில் நாலு நகல் எடுத்துக்கொள். 2024-இல் ஊரின் பெயரை ஜோதிர்மட் என்று அரசு மாற்றிவிட்டது, பலகைகளில் அப்படியும் பார்ப்பாய். திரும்பும் ரயிலுக்கு முன்னால் ஒரு நாளாவது கையிருப்பு வை. சாலை அடைபட்டால் பதற்றம் இருக்காது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்