உளிகள் அனுப்பியிருக்கிறேன்

அன்பு மகனுக்கு,

நீ கேட்ட மூன்று உளிகளும் பார்சலில் வருகின்றன. கால் அங்குலம், அரை, முக்கால். இவ்வளவு நாளா என்று போனில் கேட்டாயே, அப்போது அப்பா பக்கத்தில் இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

அரிவாளுக்கு வாங்கிப் போட்டிருந்த லாரி வில் பட்டையில்தான் அடித்தோம். அப்பா குறடு பிடித்தார், நான் சம்மட்டி போட்டேன். அவர் சுத்தியல் தொட்ட இடத்தில் அடிப்பேன், வெறும் பட்டறைக் கல்லில் தட்டினால் நிறுத்துவேன். முப்பது வருஷமாகப் பட்டறையில் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

அடித்ததெல்லாம் ஒழுங்காக வந்தது. காய்ச்சி முக்கிக் கெட்டியாக்கும் துவைச்சலில்தான் கெட்டது. முதல் உளியைத் தண்ணீரில் முக்கியதும் 'டிக்'கென்று சத்தம். வெட்டும் வாயோரம் மயிரிழை மாதிரி விரிசல். இரண்டாவதும் அப்படியே. உடைத்துப் பார்த்தால் உள்ளே ரவை ரவையாக இருக்கிறது. சூடு மிஞ்சினால்தான் அப்படி ஆகும். பட்டை மட்டம் என்று அப்பா கடைக்காரனைத் திட்டினார். நான் பார்த்தேனே, இரும்பு எலுமிச்சம்பழ நிறத்துக்கு ஏறிவிட்டது, அவர் இன்னும் சிவக்கவில்லை, காற்றை வை என்கிறார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ராசா.

நீ வாங்கிக் கொடுத்த சூடு பார்க்கும் துப்பாக்கி அலமாரியில் தூங்குகிறது. மறுநாள் அந்தி நேரம் அவர் டீக்கடைக்குப் போனதும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி எடுத்துக்கொண்டேன். இரும்பு காந்தத்தை விட்டுவிட்டால் 770 டிகிரி தாண்டிவிட்டது என்று நீதானே சொன்னாய். அதற்கு மேல் கொஞ்சம் விட்டு, வாயை மட்டும் இரண்டு விரற்கடை வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கி எடுத்து, கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். அப்புறம் பார்க்க வேண்டும். காம்பில் மிச்சமிருக்கும் சூடு வாயைப் பார்த்து இறங்கி வரும். முன்னால் வைக்கோல் நிறம், பின்னால் செம்பழுப்பு, அதற்கும் பின்னால் நாவற்பழம், கடைசியில் நீலம். அரிவாள் என்றால் நாவற்பழம் வரை விடலாம், கட்டை முண்டில் பட்டாலும் வாய் உதிராது. உளிக்கு வைக்கோல் வாயைத் தொட்டதும் முக்கிவிட வேண்டும். முக்கினேன்.

அப்பா வந்து அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கியது, வாய் கெட்டியாகிவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அடுத்த உளியை உலையிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டி, "என்ன நிறம்?" என்று கேட்டார்.

தீட்ட கிரைண்டர் பக்கம் கொண்டுபோகாதே. வாய் நீலமானால் துவைச்சல் போச்சு. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுப் பொறுமையாகத் தேய். பிடி கொய்யாக் கட்டை, பூண் அப்பாவே போட்டது.

கண் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் தீபாவளி போகட்டும் என்கிறார். நீ பேசு. முதலில் உளி நன்றாக வெட்டுகிறது என்று சொல். கண்ணைப் பற்றி அப்புறம் எடு.

அம்மா